நேரில் பார்த்தவர் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்விக்குறி:
முதுகலை உளவியல் படிக்கிறேன். லோஃப்டஸும் பால்மரும் 1974-ல் செய்த சோதனையைப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். கார் விபத்துப் படம் காட்டிவிட்டு, 'மோதின' என்பதற்குப் பதில் 'நொறுங்க மோதின' என்று கேட்டாலே வேகத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத கண்ணாடிச் சிதறலைப் பார்த்ததாகவும் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் கண்ணால் கண்ட சாட்சியையே ஒதுக்கிவிட வேண்டியதுதானே?

பழைய கறுப்புக்கோட்டு:
ஒதுக்கிவிட்டு வேறு எதை வைத்து வழக்கு நடத்துவது தம்பி? அடித்தவனைப் பார்த்தது அடிபட்டவர் மட்டும்தான் என்ற வழக்குகள் நிறைய உண்டு. தப்பாகச் சொன்னால் குறுக்கு விசாரணையில் வெளியே வந்துவிடும்.

நினைவாய்வு:
குறுக்கு விசாரணை பொய்யரைப் பிடிக்கும். மனதார நம்பித் தப்பாகச் சொல்பவரை எப்படிப் பிடிக்கும்? அவர்தான் தடுமாறவே மாட்டாரே.

அமெரிக்காவில் ரொனால்ட் காட்டன் என்பவர் செய்யாத குற்றத்துக்காக 1984-ல் கைதானார். சாட்சிக்குக் காட்டியது முதலில் புகைப்பட வரிசை, பிறகு நேரடி அணிவகுப்பு (சந்தேக நபரை மற்றவர்களோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வது). இரண்டிலும் இடம்பெற்ற ஒரே முகம் அவருடையது. இரண்டாம் முறை அவர் பழகிய முகமாகத் தெரிந்ததில் என்ன வியப்பு? 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் அவரை வெளியே கொண்டுவந்தது.

இதை வைத்து 'நினைவே குப்பை' என்று முடிவு கட்டாதீர்கள். (பாடநூல்கள் செய்கிற வேலை அது.) முறையாக நடந்த அணிவகுப்பில், முதல் முறையிலேயே ஒருவர் உறுதியாகக் கைகாட்டினால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு என்று உளவியல் ஆய்வாளர்கள் விக்ஸ்டெட்டும் வெல்ஸும் 2017-ல் எழுதினார்கள். கூண்டில் ஏறிக் காட்டும் உறுதி வேறு. குற்றவாளியே இல்லாத வரிசையிலிருந்து ஆள் காட்டச் செய்து, 'சரியாகச் சொன்னீர்கள்' என்று சிலரிடம் மட்டும் சொன்ன 1998 சோதனையைப் படியுங்கள். பாராட்டு வாங்கியவர்கள், அப்போதே உறுதியாக இருந்ததாகவும் முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் சொன்னார்கள். அத்தனை பேரும் காட்டியது தப்பான ஆளை!

அதனால்தான் சந்தேக நபர் யாரென்று தெரியாதவர் அணிவகுப்பை நடத்த வேண்டும், 'அவன் இதில் இல்லாமலும் இருக்கலாம்' என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறோம். இங்கிலாந்து விதிப்படி சந்தேக நபரோடு குறைந்தது 8 பேர் வேண்டும்; வழக்கைப் புலனாய்வு செய்பவர் அதில் தலையிடக் கூடாது.

கேள்விக்குறி:
தம்பி இல்லை சார், தங்கை :) நீதிமன்றத்துக்கு நிபுணராகப் போனால் 'இந்தச் சாட்சி சொல்வது தப்பு' என்று சொல்லலாமா?

நினைவாய்வு:
கூடாது. ஆய்வு பேசுவது சூழ்நிலைகளைப் பற்றி. இந்த ஒருவர் சொன்னது சரியா தவறா என்று அதற்குத் தெரியாது. வெளிச்சம், தூரம், ஆயுதம் இருந்ததா, இடையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் விளக்குவேன். வக்கீல்கள் நீதிமன்ற வாக்குமூலத்தைக் கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். நான் கேட்பது முதல் அடையாளம் காட்டியபோது பதிவான சொற்களை.

பழைய கறுப்புக்கோட்டு:
அந்தப் பதிவே இல்லையென்றால்?

நினைவாய்வு:
இல்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அன்று சாட்சியின் பக்கத்தில் நின்றது யார், என்ன பேசினார் என்று அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். சாட்சியைக் குடைவதைவிட அதில் பலன் அதிகம்.