புதிதாகத் தொழில் தொடங்கியவர்களே, உங்கள் முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார்?

பாம்பன், கருவாட்டு வணிகம்:

நான் கருவாட்டு வணிகம் தொடங்கி இது நான்காவது ஆண்டு. விளம்பரம் என்றாலே நோட்டீஸ் அடிப்பதுதான் என்று நம்பியிருந்த முதல் ஆண்டில், ஆயிரம் நோட்டீஸ் அச்சிட்டு, கூட்டம் அதிகம் கூடும் நாள் எதுவென்று பார்த்து, தை அமாவாசையன்று இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் சாலையில் நின்றேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்ட நான், எதற்காக வருகிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த பெரியவர் ஒருவர் நோட்டீஸை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, அமாவாசையும் அதுவுமா கருவாட்டு நோட்டீஸா கொடுப்பீங்க?" என்று கேட்டு, அதை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். இரண்டடி நடந்தவர் நின்று, "ஊருக்குத் திரும்பும்போது வேணும்னா வாங்கலாம், கடை எந்தப் பக்கம்?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. கோயிலுக்கு வருகிறவர் வாங்க மாட்டார். வழிபாட்டை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர் வாங்குவார். பாலத்தைக் கடந்து மண்டபம் பக்கம் வந்ததும் வேன்கள் தேநீருக்கு நிற்கும் கடை ஒன்றின் உரிமையாளரிடம் பேசி, ஓரமாக ஒரு மேசை போட்டுக்கொள்ள இடம் கேட்டேன். வாடகைக்குப் பதிலாக வாரம் ஒரு கிலோ நெத்திலி என்று பேசி முடித்தோம்.

எங்கள் கருவாட்டில் மண் இருக்காது என்று வாயால் சொன்னபோது எவரும் நம்பவில்லை. எல்லாக் கருவாட்டுக் கடைக்காரரும் அதைத்தானே சொல்கிறார்கள்! ஆகவே வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, வாடிக்கையாளர் கையாலேயே ஒரு பிடி நெத்திலியை எடுத்துப் போடச் சொல்லி, அலசிவிட்டு அடியைப் பார்க்கச் சொல்வேன். கடற்கரை மணலில் பரப்பிக் காயவைத்தால் அடியில் மணல் தங்கும். தரையிலிருந்து உயரத்தில் இழுத்துக் கட்டிய வலையின் மேல் காயவைத்தால் தங்காது. ஆயிரம் நோட்டீஸ் செய்யாத வேலையை அந்தக் கிண்ணம் செய்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும் அந்த நாள்களில் கருவாட்டைத் தேடி வருகிறவர்கள் அதிகம் என்பதால், பங்குனிக்குள் சரக்கைச் சேர்த்துவிடுவேன். யார் எந்த மீன் கேட்டார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் தொடங்கினேன். தொடக்கத்தில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பியதில் பலர் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். இப்போது வாளை கேட்டவருக்கு வாளை வந்தால் மட்டுமே செய்தி போகும்.

கீழக்கரை, தொதல் தயாரிப்பு:

பாம்பன் காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) சொல்வதை நான் முழுவதும் ஏற்க மாட்டேன். வெளியூர்க்காரரைத் தேடிப் போவதற்கு முன், உள்ளூரில் நம் பொருள் நல்லது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கீழக்கரையில் தொதல் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பைக் கிண்டத் தெரியாத வீடு குறைவு. அங்கேயே தொதல் விற்கக் கிளம்பியவள் நான். முதல் மாதம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், எவரும் காசு தரவில்லை, கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

எங்கள் தெருவில் மூத்த லாத்தா (அக்கா) ஒருவர் மட்டும் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்து, "எண்ணெய் பிரியுறதுக்கு முன்னாடியே இறக்கிட்டே, தேங்காய்ப்பாலும் பத்தலை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்றிரவு அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை கூடுதல் நேரம் கிண்டி, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மிதந்து வந்த பிறகே இறக்கி, அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. துபாய்க்குத் திரும்பவிருந்த மகனின் பெட்டியில் வைக்க இரண்டு கிலோ கேட்டார். அதன்பின் தெருவில் யார் பயணம் புறப்பட்டாலும் அவர் என் வீட்டைக் கைகாட்டினார். விலை சொல்லும் கூச்சம் மட்டும் போகவில்லை. டப்பாவின் மேல் விலையை ஒட்டிவிட்டு நான் வாய் திறப்பதில்லை.

மதுரைக் கடை ஒன்று சரக்கு கேட்டபோது முதல் கேள்வியே உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் எங்கே என்பதுதான். பதிவை முதலிலேயே செய்யாததால் அந்தப் பெருநாள் விற்பனை கைவிட்டுப் போயிற்று.

காக்காவிடம் ஒரு சந்தேகம்: கூரியரில் கருவாட்டு வாடையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தேவிபட்டினம், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பு:

என் அனுபவம் சிறியது. கூகுள் மேப்பில் கடையை நானே பதிவு செய்தேன். சில நாள்களில் ஒருவர் அழைத்து, "கரையில நிக்கிறேன், உங்க கடை கடலுக்குள்ள காட்டுதே?" என்றார். கடலுக்குள் நவக்கிரகங்களாக வழிபடும் நவபாஷாணக் கற்களுக்கு அருகே தண்ணீருக்குள் என் கடையைக் குத்தி வைத்திருந்திருக்கிறேன். அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வண்டியில் போய் அழைத்து வந்தேன். அவர்தான் வரைபடத்தைப் பார்த்து வந்த முதல் வாடிக்கையாளர். நீங்கள் பதிவு செய்தால், வேறொருவர் கைப்பேசியில் தேடி, அது காட்டும் வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

பாம்பன், கருவாட்டு வணிகம்:

சகோதரியின் கேள்விக்கு: முதல் முறை ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சலை வாங்கவே மறுத்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது நன்றாகக் காய்ந்த சரக்கை மட்டும் காற்றை உறிஞ்சி மூடிய உறையில் அடைத்து, அதை இன்னோர் உறைக்குள் வைத்து, பிறகே அட்டைப் பெட்டியில் போடுகிறேன். சென்ற வாரமும் அங்கிருந்தவர் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் ரசீது போட்டார்.