பழைய இருபது காசு ரோல்: வங்கியில் சுற்றியதா, பிறகு யாரோ சுற்றியதா? உதவுங்கள்

ஜெலுத்தோங் வாசி:
வணக்கம். அப்பா நடத்திய மளிகைக் கடையை மூடிப் பல வருடமாகிறது. போன மாதம் அவருடைய இரும்பு அலமாரியை ஒழித்தபோது, மைலோ டின் ஒன்றுக்குள் ரோல் ஒன்று கிடைத்தது, இருபது காசு (20 சென்) நாணயங்களைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றியது. பழுப்புக் காகிதம், நீல முத்திரை. வங்கியின் பெயர் பாதி அழிந்துவிட்டது. ஒரு முனைக் காசில் 1970, மறுமுனைக் காசில் 1973.

அதைப் பார்த்ததில் ஆசை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் இன்னொன்று வாங்கிவிட்டேன், 180 வெள்ளி (ரிங்கிட்). வெள்ளைக் காகிதம், சிவப்பு முத்திரை. இரண்டு முனையிலும் 1968, பளபளவென்று இருக்கிறது. "1968-ல் பேங்க்கில் சுற்றியது, இன்னும் பிரிக்கவே இல்லை" என்றார் விற்றவர். வீட்டுத் தராசில் வைத்தேன். இரண்டும் 284 கிராம். எடை ஒன்றாக இருப்பதால் இரண்டும் அசல் என்று நம்பலாமா? பிரித்தால் மதிப்பு போய்விடுமே என்று பயமாகவும் இருக்கிறது.

பழங்காசு அண்ணன்:
தம்பி, எடையை நம்பாதீர்கள். ஓர் இருபது காசு 5.65 கிராம். ஐம்பது நாணயத்துக்கு 282.5 கிராம், மீதி காகிதம். ஆக உள்ளே ஐம்பது இருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. 1967-ல் வந்த, பார்லிமென்ட் கட்டடம் போட்ட காசும் 1989-ல் வந்த செம்பருத்திப் பூ காசும் ஒரே அளவு, ஒரே எடை. அந்தக் காலத்துச் சிங்கப்பூர் இருபது காசுகூட அப்படித்தான். நடுவில் இவற்றில் எதை வைத்தாலும் தராசுக்குத் தெரியாது. காந்தமும் உதவாது, எல்லாமே செம்பும் நிக்கலும் கலந்தவை.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முத்திரையில் பத்து வெள்ளி என்பதை எந்தக் குறி போட்டு எழுதியிருக்கிறது? முனைக் காசின் நிறம் நடுவிலும் ஓரத்திலும் ஒன்றாக இருக்கிறதா?

ஜெலுத்தோங் வாசி:
அண்ணே, அப்பாவுடையதில் டாலர் குறி போட்டுப் பத்து. சந்தையில் வாங்கியதில் ஆர்.எம். (ரிங்கிட் மலேசியா) பத்து. நிறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பாவின் ரோலில் காசின் நடு கறுத்து மங்கி, லேசாக மஞ்சளும் ஊதாவுமாக இருக்கிறது. காகித மடிப்பை நகத்தால் துளி நகர்த்தினேன், அடியில் ஓரம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கருப்பு எங்கே முடிகிறதோ சரியாக அங்கேதான் மடிப்பும் முடிகிறது. இன்னொன்றில் அப்படி எதுவும் இல்லை, முழுக்க ஒரே பளபளப்பு.

பழங்காசு அண்ணன்:
அந்த வட்டம்தான் சாட்சி. மடிப்புக்கு வெளியே தெரிந்த பகுதியில் காற்றும் ஈரமும் பட்டுக் கறுத்திருக்கிறது, காகிதம் மூடிய ஓரம் தப்பித்துவிட்டது. வேறு இடத்தில் கறுத்த காசைக் கொண்டுவந்து முனையில் வைத்தால் அதன் கறுப்பு இந்த மடிப்போடு பொருந்தாது. அப்பாவின் ரோல் சுற்றியபடியே பல வருடம் கிடந்திருக்கிறது.

மற்றதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நம் மலேசியாவில் 1993-ல்தான் டாலர் குறி போய் ஆர்.எம். வந்தது. 1968-ல் சுற்றிய காகிதத்தில் அது எப்படி வரும்? 1993-க்குப் பிறகு ஒரு வங்கி பழைய காசுகளையும் சேர்த்துச் சுற்றியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் கைமாறிய காசு இப்படி மின்னுமா? அதுவும் இரண்டு முனையிலும் ஒரே வருடமா? தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்.

முத்திரையில் வங்கிப் பெயர் இருந்தால் அதுவும் காலம் சொல்லும். யூ.எம்.பி.சி. என்ற வங்கியின் பெயர் 1996-ல் சைம் பேங்க் ஆனது, 1999-ல் அதுவும் ஆர்.எச்.பி. வங்கிக்குள் போய்விட்டது. பழைய பெயர் இருப்பதால் மட்டும் அசல் என்று சொல்ல முடியாது. பழைய காகிதத்தை எடுத்துவைத்துத் திரும்பச் சுற்றுகிறவர்களும் உண்டு. அப்போது காகிதத்தில் பழைய காசுகளின் ஓரம் பதிந்த கோடு ஒரு பக்கமும் புதுக் கோடு ஒரு பக்கமுமாக, இரட்டையாகத் தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
எனக்கும் இதே கதை நடந்தது, அதனால் எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஒரு கடையில் ஐம்பது சென் ரோல் வாங்கினேன். முனை இரண்டும் புதுசு போல இருந்தன. வீட்டில் பிரித்தால் நடுவில் முழுக்கத் தேய்ந்த காசு. திருப்பிக் கொடுக்கப் போனேன், "நீங்கள் மாற்றியிருப்பீர்கள்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் அழுதேன். தம்பி, பிரிப்பதாக இருந்தால் முத்திரை தெரிகிற மாதிரி முதலிலிருந்து வீடியோ எடுங்கள்.

இன்னொன்று. 1973 மே மாதம் வரை சிங்கப்பூர்க் காசும் நம் காசும் இரண்டு நாட்டிலும் ஒன்றுக்கொன்று செல்லும். அப்பாவின் ரோலுக்குள் ஓரிரண்டு சிங்கப்பூர்க் காசு இருந்தால் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். தயவுசெய்து புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள், குத்துவிளக்கு வேறு, காசு வேறு.

ஜெலுத்தோங் வாசி:
சந்தை ரோலை நேற்றிரவு வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். முனையில் இரண்டு 1968. நடுவில் தேய்ந்த பார்லிமென்ட் காசு 17, செம்பருத்திக் காசு 31. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப்போகிறேன். பணம் திரும்புமா தெரியவில்லை, கேட்காமல் இருக்க மனம் வரவில்லை.

அப்பாவுடையதில் கோடு ஒற்றையாகத்தான் இருக்கிறது. ஆனால் மடிப்பு மெஷின் மடித்த மாதிரி சுருண்டு இறுக்கமாக இல்லை, முக்கோணம் முக்கோணமாகக் கையால் அழுத்தியது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்படியானால் வங்கி சுற்றியது இல்லையா?

பழங்காசு அண்ணன்:
இல்லைதான். கையால் சுற்றியதை வங்கி ரோல் என்று விற்க முடியாது. ஆனால் போலி என்றும் அர்த்தமில்லை. யார் சுற்றியது என்பது ஒரு கேள்வி, எப்போது சுற்றியது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு அந்தக் கறுப்பு வட்டம் பதில் சொல்லிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஜெலுத்தோங் வாசி:
அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கியதுமே மடிப்பைத் தடவிப் பார்த்தார். வங்கியிலிருந்து முத்திரை போட்ட காகிதம் கொண்டுவந்து, கடை அடைத்த பிறகு அப்பாதான் உட்கார்ந்து சுற்றுவாராம். ஐம்பது எண்ணியதும் கல்லா மேசையில் ஒரு தட்டு தட்டி, கட்டைவிரலால் மூன்று மடிப்பு. காலையில் வங்கிக்குக் கொண்டுபோவாராம். இது எப்படிப் போகாமல் நின்றது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

விற்கவில்லை, பிரிக்கவும் இல்லை. ஈரம் உறிஞ்சும் பாக்கெட் ஒன்றைச் சேர்த்து அதே டின்னில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் என்ன ஆனது என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.