உரைநடையும் புகைப்படமும் மட்டும் கொண்ட சிற்றிதழ்: நடத்தியவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கரைமேடு

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்கப் போகிறோம். கவிதை கிடையாது. சிறுகதை, கட்டுரை, நாட்குறிப்பு போன்ற உரைநடை, கூடவே புகைப்படம். படத்தை இடம் நிரப்பப் போடக்கூடாது என்பதில் மூவருமே உறுதியாக இருக்கிறோம். எழுதியவருக்குக் கிடைக்கிற பக்கமும் மரியாதையும் படம் எடுத்தவருக்கும் கிடைக்க வேண்டும்.

நான் கதை எழுதுகிறவள். ஒருவர் படம் எடுப்பவர், இன்னொருவர் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்குள் பேசிப் பேசியும் முடிவாகாதவை சில இருக்கின்றன. அச்சா, இணையமா? எத்தனை பக்கம்? கதைக்குப் பொருத்தமான படத்தைத் தேடிப் போடுவதா, படத்தைக் கொடுத்து எழுதச் சொல்வதா? ஆண்டுக்கு எத்தனை இதழ்? படைப்பாளிகளிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?

இப்போது நடத்துகிறவர்கள், நடத்தி நிறுத்தியவர்கள் இரு தரப்பிலிருந்தும் கேட்க ஆசை.


பதில்: ஈரநிலம்

நான் இணையத்தில் மட்டும் நடத்துகிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இணையத்தில் எதிரெதிர்ப் பக்கம் என்ற ஒன்று இல்லை. கதை, படம், கதை என்று மேலிருந்து கீழாகத்தான் ஓடும். வாசகர்களில் பெரும்பாலானவர்கள் கைபேசியில்தான் படிக்கிறார்கள். அகலமான நிலக்காட்சி அங்கே ஒரு நாடா மாதிரி சுருங்கிவிடும், நெட்டுக்குத்தான படம் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும். எந்தப் படத்தை முதலில் வைப்பது என்று முடிவு செய்யும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நீளப் பக்கம் 2000 பிக்சல் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பக்கம் திறக்கவே நேரமாகிறது.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள். பார்வையற்ற வாசகர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவது அதைத்தான். 'கறுப்பு வெள்ளைப் புகைப்படம்' என்று எழுதிவிட்டுப் போனால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. படத்தில் யார், எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். அதையும் இதழாசிரியர் வேலையாகவே நான் செய்கிறேன்.

இன்னொன்று: தளத்தின் பெயரைப் புதுப்பிக்க ஆளில்லாமல் போனால் இதழ் மொத்தமும் ஒரே நாளில் காணாமல் போய்விடும். ஒவ்வொரு இதழையும் பிடிஎஃப் ஆக்கி மூன்று நான்கு இடங்களில் வையுங்கள், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்திலும் ஏற்றிவிடுங்கள்.


பதில்: மைவாசம்

பல வருடங்களாக இதே மாதிரி ஒரு அச்சிதழை நடத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது படமும் கதையும் எப்படிச் சேர்வது என்பதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கதைக்குப் படம் தேடாதீர்கள். தேடினால் கிடைப்பது கதையில் ஏற்கெனவே இருக்கிற பொருள்தான். கதையில் கடிதம் வந்தால் கடிதம், நாற்காலி வந்தால் நாற்காலி. வாசகர் மனதில் தானாக உருவாகிக்கொண்டிருந்த நாற்காலியை அந்தப் படம் அழித்துவிடும், படமும் வெறும் விளக்கப்படமாகிவிடும். படத்தைக் கொடுத்து எழுதச் சொன்னால் இதே தொல்லை திரும்பிய திசையில் வரும். நல்ல எழுத்தாளர்கூடப் படத்தில் தெரிவதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

நாங்கள் இரண்டையும் தனித்தனியாகத் தேர்வு செய்கிறோம். கதைகளைப் படிக்கிறவர்கள் அந்தச் சுற்று முடியும்வரை படங்களைப் பார்ப்பதில்லை. படங்களைத் தேர்கிறவர் கதைகளைப் படிப்பதில்லை. இரண்டும் முடிவான பிறகு எல்லாப் படங்களையும் உள்ளங்கை அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்புவோம். ஒவ்வொரு கதைக்கும் ஒரு வெள்ளைத்தாள், அதில் தலைப்பும் பக்க எண்ணிக்கையும் மட்டும் இருக்கும். அப்புறம் நகர்த்திக்கொண்டே இருப்போம். ஒரு நாள் முழுக்கப் போகும், சில சமயம் மறுநாளும் போகும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நாள் அதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர் பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே காரில் பயணம் போகிற கதை ஒன்று வந்திருந்தது. அதே இதழுக்கு வேறொருவர் ஒரு சலவை நிலையத்தின் தொடர்படங்கள் அனுப்பியிருந்தார். அதில் ஒன்றில் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சட்டைகள், கைகள் முறுக்கிப் பின்னிக் கிடக்கும். கதையின் பக்கத்தில் அதை வைத்தபோது விளக்கம் சொல்கிற மாதிரி இருந்தது. கதை முடிந்து, இடையில் ஒரு கட்டுரையும் முடிந்து, அதற்குப் பிறகு வலப்பக்கத்தில் தனியாக வைத்தோம். இடப்பக்கம் வெற்றுத்தாள். கதையைப் படித்தவருக்கு அங்கே வந்ததும் அந்தச் சகோதரர்கள் நினைவுக்கு வருவார்கள், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. படிக்காமல் வந்தவருக்கு அது ஒரு சலவைக்கடைப் படம், அப்படியும் அது நல்ல படம். இரண்டு வழியிலும் நிற்க வேண்டும் என்பதுதான் என் அளவுகோல்.

வெற்றுப்பக்கத்துக்குப் பயப்படாதீர்கள். இடம் வீணாகிறதே என்று உங்கள் கணக்கு நண்பர் சொல்வார். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903 முதல் 1917 வரை நடத்திய 'கேமரா வொர்க்' என்ற புகைப்படக் காலாண்டிதழில் படங்களைக் கட்டுரைகளுக்கு நடுவே செருகாமல் தனித் தொகுதிகளாகத்தான் வைத்தார். பல படங்கள் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் (படத்தைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிடுவது), மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சாகி, கையால் ஒட்டப்பட்டவை. ஐம்பது இதழ் எண்கள் வந்தன. பால் ஸ்ட்ராண்ட் என்ற புகைப்படக் கலைஞரின் படங்களோடு கடைசி இதழ் வந்தபோது சந்தாதாரர்கள் நாற்பது பேர்கூட இல்லை. 1952இல் தொடங்கிய 'அப்பெர்ச்சர்' என்ற அமெரிக்கப் புகைப்பட இதழின் முதல் ஆசிரியர் மைனர் ஒயிட், படங்களின் வரிசைதான் பேசும் என்று நம்பியவர். இந்த இரண்டு இதழ்களின் பழைய பிரதிகளும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், படங்களை மட்டுமல்ல, படத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதையும்.

சரி, பக்கத்துக்கு வருகிறேன். எத்தனை பக்கம் என்பதை நீங்கள் முடிவு செய்வதற்கு முன்பே தாள் முடிவு செய்துவிடுகிறது. பெரிய தாளை இரண்டு புறமும் அச்சடித்து மடித்தால் வருவது ஒரு ஃபாரம். புத்தக அளவுக்குப் பெரும்பாலும் 16 பக்கம். நான்கு ஃபாரம் என்றால் 64 பக்கம். 67 பக்க இதழ் என்று ஒன்று கிடையாது. நடுவில் பின் அடித்துத் தைப்பதென்றால் நான்கின் மடங்கில் வர வேண்டும். ஆகவே முதலில் 64 என்று வைத்துக்கொண்டு அதற்குள் தேர்ந்தெடுங்கள். கதைகளைச் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் பக்கம் எண்ணினால் வெட்டுப்படுவது எப்போதும் படங்கள்தான். நான் பார்த்த எல்லா இதழ்களிலும் அப்படித்தான் நடந்தது.

அடுத்தது எந்தத் தாள் என்பது. எழுத்துக்கு பூச்சில்லாத சாதாரணத் தாள் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதே தாளில் படம் அச்சடித்தால் மை ஊறிப் புள்ளிகள் பருத்துவிடும். இருட்டான இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரவில் எடுத்த அருமையான கறுப்பு வெள்ளைப் படம் கரிப்பட்டையாக வந்து நிற்கும். அச்சுக்கு அனுப்பும் கோப்பில் நிழல்களைக் கொஞ்சம் வெளுப்பாக்கித்தான் அனுப்ப வேண்டும். திரையில் அது சாம்பலாகத் தெரியும், பரவாயில்லை. படங்களுக்கு மட்டும் மேட் ஆர்ட் பேப்பர் (பளபளப்பில்லாத பூச்சுத்தாள்) வேண்டுமென்றால் எட்டுப் பக்கத் தொகுதியாக அச்சடித்து இடையில் சேர்க்கலாம். ஆனால் அதை ஃபாரங்களுக்கு இடையில்தான் செருக முடியும், அதாவது 16, 32, 48 ஆகிய பக்கங்களுக்குப் பிறகு. கதைகளின் நீளத்தை அதற்கேற்ப அடுக்க வேண்டியிருக்கும். எங்கள் இதழ் அப்படித்தான் வருகிறது. எழுத்தாளர்களிடம் 'ஒரு பத்தி குறைக்க முடியுமா' என்று கேட்கும்போது பெரும்பாலும் காரணம் இதுதான், அதை மறைக்காமலே சொல்லிவிடுவோம்.

கறுப்பு வெள்ளையை நான்கு வண்ண மையில் அச்சடித்தால் சில பிரதிகளில் பச்சை தட்டும், சிலவற்றில் சிவப்பு. கறுப்பு மை மட்டும் என்றால் தட்டையாகிவிடும். கறுப்போடு ஒரு சாம்பல் மையும் சேர்த்து இரண்டு மையில் அடிப்பது எங்களுக்கு ஒத்துவந்தது. எதுவானாலும் அதே தாளில் ஒரு மெய்ப்பு எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். பிரதிகள் சில நூறுக்குள் என்றால் ஆஃப்செட்டைவிட டிஜிட்டல் அச்சு பெரும்பாலும் கட்டுபடியாகும், ஏனென்றால் ஆஃப்செட்டில் எத்தனை பிரதி அடித்தாலும் பிளேட் (அச்சுத் தகடு) செலவு ஒன்றுதான்.

ஆண்டுக்கு இரண்டு இதழ் போதும். சந்தா வாங்கினால் அந்தப் பணத்தைத் தனியாக வையுங்கள். நான்கு இதழுக்கு வாங்கிய சந்தாவை முதல் இதழின் அச்சுக்கூலியில் கரைத்துவிட்டுத்தான் பல நல்ல இதழ்கள் மூன்றாவதோடு நின்றுபோயின.

வந்த படைப்புக்குப் பதில் எழுதுங்கள். எத்தனை வாரத்தில் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, வேண்டாம் என்றாலும் அந்தக் கெடுவுக்குள் எழுதுங்கள். ஒருவர் தன் கதையை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது கொடுமை. அதை நாமும் செய்தால் சிற்றிதழ் என்று தனியாக எதற்கு நடத்த வேண்டும்?


பதில்: நிழல்கோடு

மைவாசம் சொன்னதோடு படம் எடுக்கிறவன் தரப்பிலிருந்து கொஞ்சம்.

படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது சுருக்கிவிடும். மின்னஞ்சல் இணைப்பாகவோ மேகச் சேமிப்பின் சுட்டியாகவோ வாங்குங்கள். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஆறு அங்குல அகலத்துக்கு 1800. விளிம்புவரை போகிற படம் என்றால் வெட்டுக்காக ஒவ்வொரு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடும்போது நடுமடிப்பில் என்ன விழுகிறது என்று பாருங்கள். என் படத்தில் நின்றிருந்த ஒரு பெண்ணின் முகம் பாதி அதற்குள் போய்விட்டது. முதுகில் பசை போட்டு ஒட்டிய ஒட்டுக்கட்டு இதழ், விரித்தாலும் முழுக்கத் திறக்காது. அந்தப் படத்தில் அவர் முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கேட்காமல் ஓரம் வெட்டாதீர்கள். வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்காதீர்கள், மேலே எழுத்துப் போடாதீர்கள். மூன்றையும் 'வடிவமைப்புக்காக' என்று சொல்லிச் செய்வார்கள். கதையில் ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் நீக்குவீர்களா?

உரிமை விஷயத்தில் நாலு வரி போதும். பதிப்புரிமை படைப்பாளியிடமே இருக்கும். இதழுக்கு ஒருமுறை வெளியிடும் உரிமை. இணையத்தில் போடுவதற்குத் தனியாகச் சம்மதம். பிறகு தொகுப்பு நூல் போட்டால் மறுபடி கேட்க வேண்டும். படத்தில் அடையாளம் தெரியும்படி இருப்பவர்களிடம், அதிலும் குழந்தைகள் என்றால் பெற்றோரிடம், சம்மதம் வாங்கியாயிற்றா என்று எடுத்தவரிடம் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களை ஏற்பீர்களா மாட்டீர்களா என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பணம் கொடுக்க முடியாவிட்டால் எழுதியவருக்கு எத்தனை பிரதியோ அத்தனை பிரதி எடுத்தவருக்கும்.

ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்குவதாக இருந்தால் அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண்.


கேட்டவர்: கரைமேடு

மூவருக்கும் மிக்க நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு அச்சு, ஆண்டுக்கு இரண்டு, 64 பக்கம் என்று முடிவு செய்துவிட்டோம். கணக்கு நண்பர் வெற்றுப்பக்கத்துக்கும் சரி சொல்லிவிட்டார்!

மைவாசம், ஒரு சின்னச் சிக்கல். எங்களுக்கு வந்த முதல் நல்ல கதை, இறந்துபோன அப்பாவின் பொருள்களை இரண்டு சகோதரிகள் பிரித்துக்கொள்வதைப் பற்றியது. எழுதியவர் தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் படம் எடுத்துக் கதையோடு அனுப்பியிருக்கிறார். கதையில் அந்தக் கண்ணாடி வருகிறது. படம் சுமார்தான், ஆனால் அவருக்கு அது அப்பா. எப்படி மறுப்பது?


பதில்: மைவாசம்

கண்ணாடி கதையில் எங்கே வருகிறது என்று பாருங்கள். நடுவில் எங்கோ வந்து போகிறதென்றால் தயங்காமல் மறுக்கலாம். கதை அதில்தான் முடிகிறதென்றால் மறுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் பக்கத்தைத் திருப்பியதும் முடிவு கண்ணில் பட்டுவிடும். இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், 'உங்கள் கடைசிப் பத்தியை இந்தப் படம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது' என்று. தன் கதையைக் காப்பாற்றத்தான் பேசுகிறீர்கள் என்று புரிந்தால் எந்த எழுத்தாளரும் கேட்பார். படம் சுமார் என்பதை மட்டும் காரணமாக்க வேண்டாம். அது உண்மையாக இருந்தாலும் அவர் அனுப்பியது படம் என்று நினைத்து அல்ல.

தொலைபேசியிலோ நேரிலோ சொல்வது நல்லது, கடிதத்தில் இது கொஞ்சம் கடுமையாக ஒலிக்கும். பக்கங்களை அடுக்கி முடித்ததும், அச்சுக்குப் போகுமுன், கதையும் அதைச் சுற்றி வருகிற படங்களும் சேர்ந்த பக்கங்களை அவருக்கும் அந்தப் படங்களை எடுத்தவருக்கும் அனுப்பிவையுங்கள். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் மாற்றுவதற்கு ஒரு வாரம் கையில் இருக்கட்டும்.