இஞ்சி பீரில் நாவல்பழ மணம் நிற்க மாட்டேன் என்கிறது

கீழக்கரைக்காரன்:
வீட்டில் இஞ்சி, சீனி, தண்ணீர் வைத்து இஞ்சி பீர் புளிக்க வைக்கிறேன். நுரையெல்லாம் நன்றாக வருகிறது, ஆனால் நாவல்பழத்தை முதல் நாளே சேர்த்தால் நிறம் மட்டும்தான் மிஞ்சுகிறது. எப்போது போடுவது? நுங்கும் போட்டுப் பார்க்கலாமா?

தொண்டி அக்கா:
முதல் நாளே போட்டால் அப்படித்தான் தம்பி. பழத்தின் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், மேலே கிளம்பும் கரியமில வாயு மணத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் புளிப்பு அடங்கியதும் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றும்போது சேருங்கள். பழத்தை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்து மசித்தால் சாறு தாராளமாக இறங்கும். லிட்டருக்கு 100 கிராம் சதை என் அளவு. நுங்கு வேண்டாம், அதன் வாசனை இஞ்சிக்கு முன்னால் நிற்காது. குடிக்கும்போது நறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம்வாசி:
பாட்டில் விஷயத்தில் கவனம். பழம் உள்ளே போனால் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், நம் கரையோர வெக்கையில் ஒரே நாளில் கண்ணாடி வெடிக்கலாம். எங்கள் அடுப்படியில் ஒன்று வெடித்தது, நல்லவேளை பக்கத்தில் யாரும் இல்லை. பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி ஆனதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொஞ்சம் ஆல்கஹாலும் ஊறும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கீழக்கரைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. சரி, சீனிக்குப் பதில் சாயல்குடிக் கருப்பட்டி?

தொண்டி அக்கா:
பாதிக்குப் பாதி போடுங்கள். முழுக்கக் கருப்பட்டி என்றால் நாவல் மணத்தை அமுக்கிவிடும்.