எண்ணுவதையும் கழிப்பதையும் ஒரே சூத்திரத்தில் எழுதலாமா?

கேள்வி (பத்தமடை):
எங்கள் கோரைப்பாய்க் கடையின் எக்செல் தாளில், ஏ2 முதல் ஏ61 வரை ஆர்டர் கொடுத்தவர்களின் பெயர்களையும், பாய் போய்ச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பி நெடுவரிசையில் ‘அனுப்பியது’ என்றும் பதிகிறேன். நிலுவை எத்தனை என்பதை ஒரே கட்டத்தில் காண வழி உண்டா, அண்ணாச்சி?

மறுமொழி (பாளையங்கோட்டை):
உண்டு.
=கவுண்ட்ஏ(ஏ2:ஏ61)-கவுண்ட்இஃப்(பி2:பி61,"அனுப்பியது")
முதல் பகுதி வெறுமையாக இல்லாத கட்டங்களையும், அடுத்தது அந்தச் சொல் உள்ள கட்டங்களையும் எண்ணும். வெறும் கவுண்ட் எண்களை மட்டுமே எண்ணுவதால், பெயர்கள் உள்ள நெடுவரிசைக்குப் பூச்சியம்தான் தரும்.

கேட்டவர்:
ஆர்டர் 48, அனுப்பியவை 31. ஆனால் 17க்குப் பதிலாக 19 வருகிறது.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
இரண்டு கட்டங்களில் சொல்லுக்குப் பின்னால் இடைவெளி விழுந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எக்செல் அதை வேறு சொல்லாகவே கொள்ளும். "அனுப்பியது*" என்று எழுதினால் அவையும் சேரும் என்றாலும், பதிவைத் திருத்துவதே முறை.

கேட்டவர்:
14, 37ஆம் வரிசைகளில் இடைவெளி இருந்தது. நீக்கியதும் 17 வந்துவிட்டது.