காலை பத்து நிமிடம் மட்டும் இழுக்காத டர்போ கார்

(ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் ஊர்)

சத்துவாச்சாரி

என் காருக்கு வந்த நோயை ஒரு வரியில் சொல்லிவிடலாம். காலையில் முதல் பத்து நிமிடம் அது கார் இல்லை, கட்டை வண்டி. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல்; டர்போ என்பது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. ஓடியது 61,000 கிலோமீட்டர். காலை ஆறேகாலுக்கு எடுத்து, சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலை ஏறி, ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவன் நான். சென்ற மார்கழியில் அந்த ஏறும் இடத்தில்தான் தொல்லை தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்ளும், பிறகு ஒரு குலுக்கல், அதற்குப் பிறகுதான் நகரும். பெங்களூர்ப் பக்கமிருந்து சென்னைக்குப் போகிற லாரி பின்னால் ஹாரனை அழுத்திக்கொண்டு வரும்போது அந்த ஒரு கணம் எவ்வளவு நீளமானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ரத்தினகிரி தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும். மேல்விஷாரத்தில் பூனை மாதிரி ஓடும்.

ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் காலை பத்து மணிக்கு மேல், எட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் இல்லை. ஓட்டிப் பார்த்தவர், "நன்றாகத்தானே போகிறது" என்றார். மூன்றாவது முறை அவருக்கே சலித்திருக்க வேண்டும். டர்போ போய்விட்டது, மாற்ற 70,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்.

எங்கள் தெருவில் அரசுப் பஸ் பணிமனையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன். "டர்போ போயிருந்தால் பதினோரு மணிக்கு மட்டும் எப்படித் தம்பி வேலை செய்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "விடியற்காலை வருகிற நோயை விடியற்காலைதான் பார்க்க வேண்டும். நாளைக்கு நான் வருகிற வரைக்கும் வண்டியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரை மணிக்கு மங்கி குல்லாயோடு வந்தார். பானெட் மேல் பனி முத்து முத்தாக நின்றது. என்னிடமிருந்த தீப்பெட்டி அளவு ஸ்கேனரைச் செருகி, போனில் இணைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றார். "ராத்திரி முழுக்க நின்ற வண்டி. உள்ளே போகும் காற்றும், இஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவமும் இப்போது ஒரே சூட்டில் இருக்க வேண்டும், இல்லையா? படி பார்க்கலாம்."

காற்று 18 டிகிரி. கூலன்ட் 40 டிகிரி.

அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து இஞ்சின் மேல் வைத்தார். குளத்துக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது.

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. இஞ்சின் ஓடாதபோது உள்காற்று அழுத்தம் காட்டும் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். 98 கிலோபாஸ்கல் என்றது, வேலூர் இருக்கும் உயரத்துக்கு அது சரி. டர்போவுக்குப் பிறகு, அது தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) அளக்கும் சென்சாரும் அதையே சொன்னது. பேட்டரி 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி நல்லது, அழுத்த சென்சார்கள் நல்லவை, பொய் சொல்வது ஒன்றுதான்.

கூலன்ட் சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். உள்ளே இரண்டு ஊசிகளுக்கும் நடுவே, கழுவாத செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அந்தக் களிம்பு பச்சையாகப் படிந்திருந்தது. சென்சாரின் உடம்பு வழியாகக் கூலன்ட் துளித்துளியாகக் கசிந்து பிளக்குக்குள் வந்திருக்கிறது.

இது ஏன் காலையில் மட்டும் தெரிகிறது என்பதை அவர் விளக்கியதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. அந்த சென்சாரில் குளிர்ந்தால் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம், 90 டிகிரியில் 250 ஓம் அளவுக்கு இருக்கும். களிம்பு அந்த இரண்டு ஊசிகளுக்கும் நடுவே இன்னொரு சின்னக் குறுக்கு வழியாக, சுமார் 2,000 ஓம் தடையாக, உட்கார்ந்திருக்கிறது. இஞ்சின் சூடாக இருக்கும்போது மின்சாரம் சென்சாரின் 250 ஓம் வழியாகவே பெரும்பாலும் போய்விடும். களிம்பினால் நான்கைந்து டிகிரிதான் பிசகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். குளிர்ந்திருக்கும்போது இரண்டு வழிகளும் ஏறத்தாழ சமம். மொத்தத் தடை பாதியாகிவிடும், கணினி "இஞ்சின் 40 டிகிரியில் இருக்கிறது" என்று நம்பிவிடும். குளிர்ந்த இஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த சுவரில் படுகிற பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாவதில்லை. கணினி அந்தக் கூடுதலைக் கொடுக்கவில்லை. பட்டினி கிடக்கிற இஞ்சின் மிதித்தால் தடுமாறாமல் என்ன செய்யும்? மிதிக்காமல் நிற்கும்போது (ஐடில்) இஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள், காலையில் 1,300-க்கு ஏற வேண்டியது, சில வாரங்களாக 900-லேயே நின்றதும் இதனால்தான். அது எனக்குக் கண்ணில் பட்டிருந்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

40 டிகிரி என்பது நடக்கக்கூடாத எண் இல்லை என்பதால் என் காரின் கணினி அதைப் பிழையாகப் பதிவு செய்யவில்லை. சில கார்களில் காற்றின் சூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து பி0116 என்ற குறியீட்டைப் போடும். என்னுடையது வாய் திறக்கவில்லை.

சென்சார் 640 ரூபாய், பிளக் தலைக்கும் கூலிக்கும் 500. இன்னொன்றும் தெரிந்தது. இந்தக் கசிவு போன சித்திரையிலேயே இருந்திருக்கலாம். நம் ஊர் வெயில் காலத்தில் விடியற்காலையே முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் இஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் அதிகம் தேவைப்படுவதில்லை. வேலூர் வெயில் நோயை மூடி வைத்திருந்தது, மார்கழி காட்டிக்கொடுத்துவிட்டது.

சென்சார் மாற்றிய பிறகும் முதல் இரண்டு நிமிடம் வண்டி முழு வேகத்தில் பாயாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கக் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது, எண்ணெய் சூடாகும் வரை பூஸ்ட்டையும் கட்டுப்படுத்துகிறது. அது இயல்பு. அதற்காக மறுபடியும் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்காதீர்கள்.

குடியாத்தம்

என்னுடையது டீசல். குடும்பத்தோடு ஏலகிரியில் ஓர் இரவு தங்கினோம். காலையில் செல்ஃப் அடிக்கிறேன், அடிக்கிறேன், வண்டி இருமுகிறது. கடைசியில் பிடித்தபோது பின்னால் வெள்ளைப் புகை தோட்டத்தையே மூடியது. விடுதிக் காவலாளி தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். கூட வந்த மைத்துனர் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து எரிகிறது என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நிமிடத்தில் புகை நின்றது, உலுக்கலும் நின்றது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒழுங்காக இறங்கி வந்தோம்.

மூக்கை நம்பியிருந்தால் மைத்துனரோடு தகராறு வந்திருக்காது. கூலன்ட் எரிந்தால் புகையில் ஓர் இனிப்பு வாடை இருக்கும், சூடான பிறகும் புகை நிற்காது, கூலன்ட் அளவும் குறையும். எங்களுடையது கண் எரிகிற பச்சை டீசல் வாடை. எரியாத டீசல் அப்படியே வெளியே வந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆவதற்கு முன் சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு செத்திருந்தன. மல்டிமீட்டரில் நல்லவை ஓர் ஓமுக்குக் கீழே காட்டின. மற்ற இரண்டிலும் தொடர்பே இல்லை. குடியாத்தத்தில் வருடம் முழுக்க முதல் செல்ஃபிலேயே பிடித்த வண்டி. கீழே இருக்கிற வரை ஹீட்டர் பிளக் இருக்கிறதா இல்லையா என்று இந்த இஞ்சின் கவலைப்பட்டதே இல்லை.

மாற்றிய மெக்கானிக்கை இங்கே பாராட்ட வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் கழற்ற மறுத்துவிட்டார். முந்தின நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைத்து, மறுநாள் இஞ்சினைச் சூடாக்கி, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எடுத்தார். பிளக் உள்ளே முறிந்தால் இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

ஆற்காடு

சத்துவாச்சாரி அன்பர் புண்ணியம் செய்தவர். நான் டர்போவை மாற்றிவிட்டேன்.

இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப்புகை விடும், அரை நிமிடத்தில் மறைந்துவிடும். டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, உள்ளே எண்ணெய்ப் பசையைக் காட்டி, "டர்போ எண்ணெய் கக்குகிறது" என்றார்கள். பார்த்தவுடன் நம்பிவிட்டேன். 58,000 ரூபாய். மறுநாள் காலை அதே நேரம், அதே புகை.

பிறகு வேறொரு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. இஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாய் டர்போவுக்கு முன்னால் போய்ச் சேருவதால் டர்போக் குழாயில் லேசான எண்ணெய்ப் பசை பெரும்பாலான டர்போ வண்டிகளில் இருக்கும். தேங்கி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். இரவெல்லாம் நின்று, காலையில் ஒரே ஒரு முறை புகைத்து மறைந்தால் முதலில், வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்களைச் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த சீல் வழியாக இரவில் எண்ணெய் சொட்டி சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. வெகு நேரம் ஐடிலில் நின்றுவிட்டு மிதிக்கும்போது புகை வந்தால் டர்போ பக்கமும் பார்க்கலாம். டர்போவின் அச்சை விரலால் பிடித்துப் பார்த்தால் பக்கவாட்டில் சிறிது ஆடும், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற அச்சு அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை சுவரை உரசியிருந்தாலோதான் அது போய்விட்டது என்று பொருள்.

அந்தப் பழைய டர்போவைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். சாக்குப்பையில் கட்டி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விரலால் சுண்டினால் இன்றும் சுற்றுகிறது.

அணைக்கட்டு

எங்கள் வீட்டில் குற்றவாளி எலி. நிலக்கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்துவோம். காலையில் பிக்கப் இருக்காது, பி0299 என்று பூஸ்ட் குறைவுக் குறியீடு வரும், சூடானால் சரியாகும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில், அடிப்பக்கம் பல் பட்ட ஒரு கீறல். குளிரில் ரப்பர் விறைத்துக் கீறல் வாய் திறந்திருக்கும்; சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். ஐடிலில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்ததில் ஒரு குமிழி கூட வரவில்லை, ஏனென்றால் ஐடிலில் பூஸ்ட்டே கிடையாது. குளிர்ந்த இஞ்சினில் குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். காருக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி கீறலிலிருந்து நூலாக வந்தது. மூட்டைகளை இடம் மாற்றியாயிற்று.

காட்பாடி

நான் வேறு ஒரு வகையில் மாட்டினேன். காந்தி நகரிலிருந்து மருத்துவமனைப் பணிக்கு ஐந்து கிலோமீட்டர், திரும்பி ஐந்து. ஒரு நாள் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு ஏறியிருக்கிறது. எண்ணெய் குறைந்தால் பயப்படுவோம், ஏறினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை. ஸ்கேனரில் அரை மணி நேரம் ஓட்டியும் கூலன்ட் 65 டிகிரியைத் தாண்டவில்லை. இஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ஓட்டத்தை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் எப்போதும் குளிராகவே இருப்பதால் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்ற, எரியாதது சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெயில் இறங்கியிருக்கிறது. நீர்த்த எண்ணெயை முதலில் உணர்வது டர்போவின் அச்சுதான். தெர்மோஸ்டாட்டையும் எண்ணெயையும் மாற்றினேன். வாரம் ஒரு முறை பள்ளிகொண்டா வரை ஓட்டிவிட்டு வருகிறேன்; ரங்கநாதர் தரிசனமும் ஆயிற்று.

ஆம்பூர்

இதைப் படித்துவிட்டு நானும் பார்த்தேன். காற்று 24, கூலன்ட் 33. என் சென்சாரும் போய்விட்டதா?

சத்துவாச்சாரி

வண்டி எவ்வளவு நேரம் நின்றிருந்தது?

ஆம்பூர்

நான்கு மணி நேரம்.

சத்துவாச்சாரி

போதாது. இஞ்சின் இரும்பும் அலுமினியமும் சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடாது. இரவு முழுக்க நிற்கட்டும். வெயில் படுவதற்கு முன்னால், வீட்டில் யாரும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் சென்சார் வாங்குவதற்கு முன் பிளக்கைக் கழற்றி உள்ளே பச்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.