அவசரம்: கலாசிப்பாளையம் தக்காளி லோடுக்கு மூணு நோ என்ட்ரி சலான், என்ன பண்றது?

தக்காளி லோடு (இழை தொடங்கியவர்), இரவு 10.12
அண்ணா வணக்கம். ராயக்கோட்டைல இருந்து பெங்களூரு கலாசிப்பாளையம் மார்க்கெட்டுக்கு டெய்லி தக்காளி. 14 அடி ஐச்சர் லாரி. இந்த மாசம் மட்டும் மூணு சலான் (அபராத நோட்டீஸ்), மூணுமே நோ என்ட்ரி. காய்கறி வண்டிக்குத் தடை இல்லைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? எப்படி கேன்சல் பண்றது? வேற ரூட் இருந்தாலும் சொல்லுங்க. நாளைக்கும் லோடு இருக்கு.

கே.ஏ.51, 10.20
இவ்வளவை வச்சுக்கிட்டு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. சலான்ல எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பிரிவு? ஆர்.சி.ல (பதிவுச் சான்று) மொத்த எடை எவ்வளவு? வண்டி தமிழ்நாடா, கர்நாடகாவா?

நைஸ் ரோடு, 10.31
ஒரே பதில். ஓசூர் ரோட்டுல உள்ளே வராதீங்க. எலக்ட்ரானிக் சிட்டிகிட்ட நைஸ் ரோட்டுல (ஊரைச் சுத்திப் போற டோல் ரோடு) ஏறி மைசூர் ரோட்டுல இறங்குங்க. அங்கிருந்து மார்க்கெட் நேர்ப்பாதை. மடிவாளா, சில்க் போர்டு நெரிசல் ரெண்டும் மிச்சம். சுத்து ஜாஸ்தி, டோல் உண்டு, ஆனா நிக்காம ஓடும்.

கே.ஏ.51, 10.34
சலான் எங்க விழுந்ததுன்னே தெரியாம ரூட்டை மாத்தச் சொன்னா எப்படி? மைசூர் ரோட்டுலயும் கேமரா இருக்கு.

குட்டியானை, 10.40
14 அடியை ஊருக்குள்ள கொண்டு வர்றதே தப்பு. எல்லைல அத்திப்பள்ளிலயே பிக்கப்புக்கு மாத்திடுங்க. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டம் 66(3)லயே இருக்கு.

பழைய பர்மிட், 10.58
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடல்னு ஒரு பெட்டி மேல இருக்கு, அதைத் தொட்டா கை சுடாது.
பர்மிட் வேற, நோ என்ட்ரி வேற. பர்மிட் இல்லாத குட்டி வண்டிக்கும் நோ என்ட்ரி பொருந்தும். 115-ஆம் பிரிவுப்படி ஒரு ரோட்டுல எந்த வகை வண்டியை வேணும்னாலும் நிறுத்தலாம். கெசட்ல அறிவிப்பும் 116 படி போர்டும் வேணும், அவ்வளவுதான். ஒரு மாசத்துக்கு மேற்படாத தடைன்னா கெசட்கூட வேண்டாம், உள்ளூர்ல விளம்பரம் பண்ணினா போதும். "காய்கறிக்குத் தடை இல்லை"ன்னு யார் சொன்னாங்க, மண்டில டீ குடிக்கிறவங்களா? விலக்கு இருந்தா அந்த அறிவிப்புலயே எழுதியிருக்கும். எழுதலைன்னா போக்குவரத்து போலீஸ்கிட்ட எழுதிக் கொடுத்து வண்டி நம்பருக்குப் பாஸ் வாங்கணும்.

தக்காளி லோடு, 11.15
தமிழ்நாடு வண்டி, டி.என்.70. நேஷனல் பர்மிட் இருக்கு. ஆர்.சி.ல 10,700 கிலோ. எல்.சி.வி.ன்னு (லைட் சரக்கு வண்டி) சொல்லித்தான் புரோக்கர் வாங்கிக் கொடுத்தார். சலான் பிரிவு 177, ஒவ்வொண்ணும் 500 ரூபா. மூணுமே ஓசூர் ரோடு சைடு. லோடு 180 கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி).

பழைய பர்மிட், 11.24
10,700 எப்படிங்க எல்.சி.வி. ஆகும்? சட்டத்துல லைட் 7,500 வரை. 12,000 தாண்டினா ஹெவி. நடுவுல உள்ளது மீடியம். புரோக்கர் வாய்க்கு ஆர்.டி.ஓ. கட்டுப்பட மாட்டார். கணக்கு ஆர்.சி. எடைதான். அன்னைக்கு ரெண்டு டன் ஏத்தினாலும் 10,700 வண்டி 10,700 வண்டிதான். டிரைவர் லைசென்ஸையும் பாருங்க. சாதா எல்.எம்.வி. (லைட் வண்டி) லைசென்ஸ்ல சரக்கு வண்டி ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது 7,500 வரைக்கும்தான். உங்க வண்டிக்கு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் கண்டிப்பா வேணும்.
177ல போட்டதுக்கு சந்தோஷப்படுங்க. 115ஐ மீறினா 194(1) வரும், சட்டத்துல அதுக்கு 20,000. தில்லில அப்படித்தான் தீட்டுறாங்க. 177ன்னா முதல் தடவை 500, மறுபடி மாட்டினா 1,500 வரை.

கே.ஏ.51, 11.30
இன்னும் நேரம் சொல்லலை நீங்க. போர்டுல கன்னடத்துல என்ன எழுதியிருக்கு? "பாரி வாகன"ன்னு இருந்தா ஹெவிக்கு மட்டும். "சரகு சாகணெ வாகன"ன்னு இருந்தா சரக்கு வண்டி மொத்தத்துக்கும், குட்டியானைன்னு சொல்ற டாடா ஏஸ் உட்பட. நம்ம டிரைவர்ங்க பாதிப் பேர் லாரி படத்தைப் பாத்துட்டு, அடியில இருக்கிற எழுத்தையும் நேரத்தையும் விட்டுடறாங்க. நேரம் ரோட்டுக்கு ரோடு மாறும், அதனால மடிவாளால பாத்ததை வில்சன் கார்டன்ல நம்பாதீங்க. கூகுள் மேப் காட்டுறதும் கார் போற வழிதான்.

குட்டியானை, 11.36
என் பாயிண்ட் இன்னும் நிக்குது. சின்ன வண்டின்னா சந்துக்குள்ளயும் போயிடும்.

மண்டி கணக்கு, 11.52
கணக்கு போடுவோம். கிரேட்டுக்கு 25 கிலோ தக்காளி, பிளாஸ்டிக்கோட 27. 180 கிரேட்னா 4,860 கிலோ. பிக்கப்ல பாரம் 1,200ன்னு வச்சா 44 கிரேட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. அஞ்சு பிக்கப், அஞ்சு டிரைவர், அத்திப்பள்ளில ஒரு தடவை கை மாத்துற கூலி. பழுத்த தக்காளியை ராத்திரில இன்னொரு தடவை தூக்கி வச்சா அடி கிரேட் நசுங்கித் தண்ணி விடும், மண்டில அந்த கிரேட்டுக்கு விலையைக் குறைப்பாங்க. முக்கால் பழத்துல பறிச்ச காய்னா தாங்கும். தினசரி லோடுக்கு இது கட்டுபடியாகாது.

குட்டியானை, 12.05
ஒரு லாரி நின்னா ரோடே நிக்குது, அஞ்சு பிக்கப் நின்னா ஓரமா நிக்கும்.

நைஸ் ரோடு, 12.09
அஞ்சு பிக்கப்பும் ஒரே கேட்ல நின்னா? கலாசிப்பாளையத்துல ஓரம்னு ஒண்ணு இருக்கா முதல்ல?

ஹுஸ்கூர் கேட், காலை 6.15
மொத்த வியாபாரத்தை ஊர் நடுவுல வச்சுக்கிட்டு லாரியைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஹுஸ்கூர் பக்கம் சிங்கேன அக்ரஹாரத்துல பழ மார்க்கெட் நடக்குது. காய்கறியையும் அந்தப் பக்கம் கொண்டு வந்தா ஓசூர் சைடு லோடு எதுவும் சில்க் போர்டையே பாக்க வேண்டாம்.

மண்டி கணக்கு, 6.40
கொண்டு வரலாம். ஆனா கலாசிப்பாளையத்துல வாங்குறது தள்ளுவண்டிக்காரர், மெஸ்காரர், சின்னக் கடைக்காரர். காலைல நாலு மணிக்கு ஹுஸ்கூர் வரைக்கும் அவங்க எதுல வருவாங்க? அவங்க ஆட்டோ வாடகை தக்காளி விலைலதான் ஏறும்.

ஹுஸ்கூர் கேட், 6.48
இப்ப மட்டும் லாரிக்காரர் கட்டுற சலான் விலைல ஏறலையா?

கே.ஏ.51, 6.55
இதுக்குத் தனி இழை போடுங்கப்பா. தக்காளி லோடு, நேரம்?

தாளவாடி கோஸ், 7.20
இடைல கேக்கறேன், மன்னிக்கணும். சத்தியமங்கலம் அடிவாரத்துல இருந்து பெங்களூருக்குக் காய் லோடு. திம்பம் மலைப்பாதைல ராத்திரி காய்கறின்னு சொன்னா விடுவாங்களா?

பழைய பர்மிட், 7.31
விட மாட்டாங்க. 2022 பிப்ரவரில இருந்து சரக்கு வண்டிக்கு மாலை 6 முதல் காலை 6 வரை மலை மூடல். அது காட்டு விலங்குக்காகக் கோர்ட் போட்ட தடை, ட்ராபிக்குக்காகப் போட்டதில்லை. மதியம் 3 மணிக்குள்ள தோட்டத்துல லோடு முடிச்சாத்தான் வெளிச்சத்துல 27 வளைவும் ஏற முடியும். தாளவாடி லோடுன்னா கவலையே இல்லை, அது மலைக்கு மேல. சாமராஜநகர் வழியா வந்துடலாம். பந்திப்பூர் காட்டு ரோடும் ராத்திரி 9ல இருந்து காலை 6 வரை மூடல்தான், அது 2009ல இருந்தே.

தக்காளி லோடு, 8.05
சாரி, வண்டி விஷயமா அலைஞ்சுட்டு இருந்தேன். நேரம்: காலை 7.52, 8.10, 7.41.

கே.ஏ.51, 8.09
காலைலயா? ராத்திரி வர்ற தக்காளி வண்டிக்கு 8 மணிக்கு ஓசூர் ரோட்டுல என்ன வேலை?

தக்காளி லோடு, 8.14
இறக்கிட்டுத் திரும்பற வண்டிண்ணா. காலி கிரேட் ஏத்திட்டு.

மண்டி கணக்கு, 8.30
இதை முதல் வரியிலயே சொல்லியிருந்தா நேத்தே படுத்துத் தூங்கியிருக்கலாம்.
உள்ளே வர்றதுல உங்களுக்குச் சிக்கலே இல்லை, வெளிய போறதுலதான். காய்கறி பாஸ் வாங்கினாலும் காலி கிரேட் காய்கறி ஆகாது. காலி வண்டியும் சட்டத்துக்குச் சரக்கு வண்டிதான். நைஸ் ரோட்டுல போனாலும் அந்த நேரத்துக்கு மைசூர் ரோடு வரைக்கும் ஊருக்குள்ளதான் ஓட்டணும்.
எத்தனை மண்டிக்கு இறக்குறீங்க? காலி கிரேட்டை எப்ப எடுக்கறீங்க?

தக்காளி லோடு, 8.41
மூணு மண்டி. 3 மணிக்கு உள்ளே வந்துடுவோம். இன்னைக்கு இறக்குற கிரேட்டு காலியானதும் அதையே எடுத்துட்டுப் போவோம். ஊர்ல வேற கிரேட் இல்லை.

மண்டி கணக்கு, 9.10
அதான் விஷயம். 180 கிரேட்டை நாலு ஹமாலி (சுமை தூக்குறவங்க) முக்கால் மணி நேரத்துல இறக்கிடுவாங்க. அப்புறம் நாலு மணி நேரம் வண்டி நிக்கிறது கிரேட்டு காலியாகத்தான். வாங்குறவர் தக்காளியைத் தன் பெட்டிக்கு மாத்தற வரைக்கும் உங்க டிரைவர் கொட்டாவி விட்டுட்டு நிக்கறார், அதுக்குள்ள தடை நேரம் ஆரம்பிச்சுடுது.
மூணு செட் கிரேட் சுத்துல இருக்கணும். ஒண்ணு தோட்டத்துல, ஒண்ணு வண்டில, ஒண்ணு மண்டில. இன்னைக்கு இறக்கினதை விட்டுட்டு, நேத்து விட்டதை ஏத்திட்டுக் கிளம்பணும். உடையறது, காணாமப் போறதுக்குன்னு செட்டுக்குப் பத்து கூட வைங்க. ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு நிறத்துல பெயின்ட் கோடு போட்டுட்டா அடுத்த ஊர்க்காரன் கிரேட்டோட கலக்காது. மண்டில எத்தனை விட்டோம், எத்தனை எடுத்தோம்னு தினம் சீட்டுல கையெழுத்து வாங்குங்க. இல்லைன்னா மாசக் கடைசில முப்பது குறையும், யாரும் ஒத்துக்க மாட்டாங்க.
ஏத்தறப்ப கடைசியா இறக்குற மண்டியோடது கேபின் பக்கம், முதல் மண்டியோடது பின் கதவுல. நடுவுல கயிறு. அப்படி வச்சா மண்டிக்கு மண்டி புரட்டிப் போட வேண்டாம்.

பழைய பர்மிட், 9.26
சரியான பேச்சு. சலானை ரத்து பண்ணணும்னா மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ பாருங்க: கேமரா இருக்குன்னு முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வேணும், நோட்டீஸ் 15 நாளுக்குள்ள வரணும், போட்டோல நேரமும் இடமும் தெரியணும். இதுல ஒண்ணு குறைஞ்சா எதிர்த்து எழுதலாம். எல்லாம் சரின்னா கட்டிடுங்க. 2023 பிப்ரவரில கர்நாடகாவுல சலானுக்குப் பாதி தள்ளுபடி கொடுத்தாங்கன்னு காத்திருக்காதீங்க.

நைஸ் ரோடு, 9.33
காத்திருந்தவங்களுக்கு லாபம்தானே வந்தது?

பழைய பர்மிட், 9.35
ஒழுங்கா கட்டினவன் முட்டாளா அப்ப?

(இந்தச் சண்டை இன்னும் பதினோரு பதில் போனதால் மட்டுறுத்துநர் மடித்து வைத்திருக்கிறார்.)

தக்காளி லோடு, பதினேழு நாள் கழித்து
ரெண்டு செட் கிரேட் வாங்கியாச்சு. இப்ப 4.30க்கெல்லாம் மார்க்கெட்டை விட்டு வண்டி வெளிய வந்துடுது. சலான் மூணும் கட்டிட்டேன், புதுசா எதுவும் வரலை. மண்டி கணக்கு அண்ணனுக்கு நன்றி.

மண்டி கணக்கு
நல்லது தம்பி. சீட்டுல கையெழுத்து வாங்கறீங்களா?

குட்டியானை
பழைய கிரேட் இருந்தா எனக்குச் சொல்லுங்க.